பிறப்பே சாட்சி

எட்கார் தர்ஸ்டன் தூத்துக்குடிக்கு வந்தது சிப்பியைப் பார்க்க. 1885-ல் சென்னை மியூசியத்தின் தலைவராக வந்து சேர்ந்த அந்த ஆங்கிலேய டாக்டர், மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் பற்றி 1890-ல் ஒரு புத்தகமும், 1894-ல் மியூசிய வெளியீடாக இன்னொன்றும் எழுதினார். இரண்டும் நல்ல புத்தகங்கள். 1961-க்குப் பிறகு எங்கள் கரையில் முத்துக் குளிப்பு நின்றே போய்விட்டது. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அவரைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

குளிப்பு ஆரம்பிக்கும் முன்னால் சர்க்கார் ஒரு காரியம் செய்வது வழக்கம். பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை எடுத்துவரச் சொல்லி, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களுக்கு மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கணக்கு வந்துவிட்டால் பார் முழுவதற்கும் அதே மதிப்பு. இதற்கு மாதிரி பார்ப்பது என்று பெயர். சிப்பி விஷயத்தில் இது நியாயமான முறைதான். கையில் எடுத்த சிப்பி கடலில் கிடக்கிற சிப்பிக்காகச் சாட்சி சொல்லலாம். சிப்பிக்கு ஆட்சேபம் இல்லை.

சிப்பிக்குப் பிறகு தர்ஸ்டன் மனிதர்களை அளக்க ஆரம்பித்தார். மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். மண்டையைக் கவராயம் போன்ற கருவியால் அளந்தார். தோலின் நிறத்தை வர்ணக் கண்ணாடிகளோடு ஒத்துப் பார்த்தார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் லட்சணமானவர்களைப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்து ஓடினார்களாம். இதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் அப்படியொன்றும் தப்பாகப் புரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1909-ல் தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு பாகங்கள் வெளிவந்தன, கே. ரங்காச்சாரி கூட இருந்து உதவினார். இதற்கிடையில் மனிதர்களை அளக்கிற கலையை மியூசியத்தில் வைத்துப் போலீஸ் அதிகாரிகளுக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார் தர்ஸ்டன்.

மியூசியத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன இந்தப் பாதையைப் பற்றிச் சென்ற நாற்பது வருஷங்களாகச் சர்வகலாசாலைகளில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நிறமும் ஜாதியும் லாக்கப்பிலும் கோர்ட்டிலும் ஜெயிலிலும் என்ன வேலை செய்கின்றன என்பது அதன் பொருள். அமெரிக்காவில் இது ஒரு தனித்துறை. நம்மைப் பற்றியும் கெட்டியான புத்தகங்கள் வந்திருக்கின்றன. கதை படிக்கிறவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒரு மனிதனைப் பற்றி என்னென்ன தெரிந்தால் அவன் இன்னது செய்வான் என்று சொல்ல முடியும் என்பது நாவலாசிரியன் தினமும் மல்லுக்கட்டுகிற கேள்வி. அதற்குச் சர்க்கார் சொன்ன பதிலைக் கதை படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பதில் 1871-ல் சட்டமாக வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வட இந்தியாவுக்கு மட்டும். 1911-ல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. நெசவாளியின் மகன் நெசவாளி, தச்சனின் மகன் தச்சன் என்று நடக்கிற தேசத்தில் திருட்டும் ஒரு குலத்தொழில்தான் என்பது அந்தக் காலத்துச் சர்க்காரின் வாதம். மசோதாவைக் கொண்டுவந்த சட்ட மெம்பரின் பெயரைப் பல கட்டுரைகள் 'டி. வி. ஸ்டீபன்ஸ்' என்று அச்சிட்டு வருகின்றன. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதி, அப்படி ஒரு மனிதரே பிறந்துவிட்டார். அப்போது சட்ட மெம்பராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்; நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா.

இதை அச்சுப்பிழை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 1872-ல் இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவரும் இதே ஸ்டீபன். குற்ற வழக்கில் எதிரி நடத்தை கெட்டவன் என்பது சாட்சியம் ஆகாது என்கிறது அந்தச் சட்டம். போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு விரோதமாகச் செல்லாது என்றும் சொல்கிறது. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய் வேறு பெயரில் புதுச் சட்டம் வந்தபோதும் இந்த இரண்டு விதிகளையும் எடுக்க யாரும் துணியவில்லை. அவ்வளவு நல்ல விதிகள். ஒரு வருஷ இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு சட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறார். ஒன்றில் ஒருவன் போன வருஷம் செய்த அயோக்கியத்தனம்கூடச் சாட்சி ஆகாது. இன்னொன்றில் அவன் பாட்டனுக்குப் பேரனாகப் பிறந்ததே போதுமான சாட்சி. ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அது சரியா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக்கூடாது என்றும் எழுதி வைத்திருந்தார்கள்.

குற்றவாளிகள் பிறக்கும்போதே குற்றவாளிகள் என்ற தத்துவத்தை இத்தாலிய டாக்டர் லொம்ப்ரோசோ புத்தகமாகப் போட்டது 1876-ல். சட்டம் ஐந்து வருஷம் முந்திக்கொண்டது. சட்டம் போன வழியில் விஞ்ஞானம் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிற்று என்பதுதான் கதை. வெள்ளைக்காரர்கள் மட்டும் போகவில்லை. 1892-ல் சென்னை ராஜதானியின் 'குற்ற வகுப்பு'களைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய முல்லலி வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. அடுத்த தலைமுறையில் ரயில்வேத் திருடர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய பாப்பாராவ் நாயுடு நம்மவர்.

இந்தப் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மீனா ராதாகிருஷ்ணா 2001-ல் வெளியிட்ட நூல். 'வரலாற்றால் அவமதிக்கப்பட்டவர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். குறவர்களைப் பற்றியது. குறவர்களில் ஒரு பெரும் பகுதியினர் பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பை ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போனவர்கள். திரும்பும்போது தானியம் கொண்டுவருவார்கள். சங்கப் பாட்டில் வருகிற உமணர்களின் தொழில்தான். வண்டித் தடம் இல்லாத ஊருக்கெல்லாம் அவர்களை விட்டால் உப்புக் கிடையாது. பிறகு ரயில் வந்தது. உப்பு சர்க்காரின் ஏகபோகமாகி, உப்பளத்திலேயே வரி, உப்பளத்திலேயே காவல் என்று ஆயிற்று. காடுகள் ரிசர்வ் ஆனதால் மூங்கிலும் புல்லும் எடுப்பது குற்றமாயிற்று. நடுவில் 1876-ல் ஆரம்பித்த தாதுவருஷப் பஞ்சம் ஆடுமாடுகளைக் கொண்டுபோயிற்று. பொதிமாடு செத்து, உப்பு கைவிட்டுப் போய், தெருவில் நின்ற மனிதனைப் பார்த்து, இவன் ஏன் நிலையாக ஓரிடத்தில் இல்லாமல் அலைகிறான், யோக்கியனாக இருந்தால் அலைவானா என்று கேட்டது சர்க்கார்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது உறைக்கிறது. வேம்பாரிலிருந்து காயல்பட்டணம் வரை வழியெல்லாம் உப்பு குவிந்து கிடக்கிற கரை இது. அந்த உப்பு ஊர் ஊராக எப்படிப் போயிற்று, யார் முதுகில் போயிற்று என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. 'உப்புக் குறவன்' என்ற பேர் மட்டும் வசவாக மிஞ்சியிருக்கிறது.

அந்த அம்மையார் இதோடு நிறுத்தவில்லை. சீர்திருத்துவது என்ற பெயரில் 1910-களில் ஆந்திரக் கடற்கரையில் சீராலா அருகே ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு உண்டானது. ரட்சணிய சேனைக்காரர்கள் அதை நடத்தினார்கள். உள்ளே வந்தவர்களுக்கு ஜெபமும் வேலையும். வேலை எங்கே என்றால், பக்கத்தில் இருந்த புகையிலைத் தொழிற்சாலையில். ஊரை விட்டுப் போகக்கூடாத தொழிலாளிகள் எந்த முதலாளிக்குத்தான் கசப்பார்கள்! திருடன் என்ற முத்திரை யாருக்கு எவ்வளவு லாபம் என்று ரூபாய் அணாவில் கேட்கிற புத்தகம் இது. தத்துவமாகப் பேசுகிற பத்துப் புத்தகங்களைவிட எனக்கு இது பெரிது.

கள்ளர்களைப் பற்றி ஆனந்த் பாண்டியன் 2009-ல் எழுதிய நூல் வேறு மாதிரி. கம்பம் பள்ளத்தாக்கில் போய் இருந்து, வயலில் நிற்கிற கிழவர்களோடு பேசி எழுதியது. பிரமலைக் கள்ளர்கள் இந்தச் சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ஆண்பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணமானவன் சாவடியில் படுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியாது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படக் குறைந்தது 16 பேர் செத்தார்கள். இதெல்லாம் ஓரளவு நமக்குத் தெரிந்தது. பாண்டியன் காட்டுகிற தெரியாத விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், கிணறு, விவசாயம் என்று சர்க்கார் 'சீர்திருத்த'ப் புறப்பட்டபோது, அந்த ஜனங்களே தங்களைப் பற்றித் 'திருந்த வேண்டியவர்கள்' என்று பேச ஆரம்பித்தார்கள். பேரன் ஏதாவது தப்பு செய்தால் 'கள்ள புத்தி போகுமா' என்று தாத்தாவே சொல்கிறார். சட்டம் 1947-ல் சென்னை ராஜதானியில் ரத்தாயிற்று. தேசம் முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல். தாத்தாவின் நாக்கிலிருந்து அது ரத்தாகவில்லை. பாண்டியன் அந்த வார்த்தையைக் கிழவரின் வாயிலிருந்தே கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு நல்ல நாவலாசிரியன் செய்திருக்க வேண்டிய வேலை.

நிகோலஸ் டர்க்ஸின் புத்தகம் (2001) இந்தத் துறையில் பிரசித்தம். தர்ஸ்டனைப் பற்றி அவர் எழுதியிருப்பது சுவையானது. இன்றைக்கு நாம் காண்கிற ஜாதியின் உருவம் வெள்ளைக்காரனின் ஆட்சியிலும் கணக்கெடுப்பிலும் திரண்டது என்று அவர் அழுத்துகிற அழுத்தத்தில், வெள்ளைக்காரன் கப்பலேறிய பின்னும் ஜாதி ஏன் ஏறவில்லை என்ற கேள்வி நசுங்கிப்போகிறது.

அமெரிக்காவுக்குப் போவோம். சிப்பி மாதிரியின் விஷயம் அங்கே பளிச்சென்று தெரிகிறது. கலீல் ஜிப்ரான் முகம்மது 2010-ல் எழுதிய புத்தகம் ஒரு புள்ளிவிவரத்திலிருந்து கிளம்புகிறது. 1890-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் கறுப்பர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். ஜெயிலில் நூற்றுக்கு முப்பது. பார்த்தீர்களா, ரத்தத்திலேயே இருக்கிறது என்று 1896-ல் ஹாஃப்மன் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கணக்கர் புத்தகமே போட்டார். அதே காலத்தில் ஐரிஷ்காரனும் இத்தாலியனும் ஜெயிலை நிரப்பியபோது, பாவம் வறுமை, பாவம் சேரி வாழ்க்கை என்று பள்ளிக்கூடமும் பூங்காவும் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே மாதிரி எண். ஒருவனுக்கு அது அனுதாபம், இன்னொருவனுக்கு அது ஜாதகம்.

இதன் மறுபக்கம் 1987-ல் வந்தது. ஜார்ஜியா மாகாணத்தில் வாரன் மக்லெஸ்கி என்ற கறுப்பருக்கு, வெள்ளைக்காரப் போலீஸ்காரரைக் கொன்றதாகத் தூக்கு. டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அந்த மாகாணத்தின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து, நூற்றுக்கணக்கான விவரங்களைக் கழித்துக் கூட்டிப் பார்த்தார்கள். செத்தவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை வருவதற்கான வாய்ப்பு 4.3 மடங்கு என்று வந்தது. வக்கீல்கள் அதைச் சுப்ரீம் கோர்ட்டில் வைத்தார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும், இந்த மனிதனின் வழக்கில் இந்த ஜூரிகள் நிறம் பார்த்தார்கள் என்பதற்கு அது நிரூபணம் ஆகாது என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் கோர்ட் தள்ளிவிட்டது. மக்லெஸ்கி 1991-ல் மின்சார நாற்காலியில் இறந்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வோட்டை மாற்ற முடியுமானால் இந்த வோட்டைத்தான் மாற்றுவேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னாராம்.

கோர்ட்டின் வாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது தப்பே இல்லை. பத்துச் சிப்பியை வைத்து ஒரு மனிதனைத் தீர்மானிக்காதே என்கிறது. பேஷ். ஆனால் அந்த ஞானம், மனிதன் கணக்கைக் காட்டித் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வரும்போது மட்டும் ஏன் உதயமாகிறது? உப்புக் குறவனைச் சாவடியில் படுக்கவைத்தபோது அவன் விஷயத்தில் தனி நிரூபணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தின் கணக்கு தண்டிக்க வரும்போது சாட்சியம், காப்பாற்ற வரும்போது வெறும் புள்ளிவிவரம். இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். ஆசிரியர்கள் ஆளுக்கொரு சர்வகலாசாலையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாஷையில் எழுதுவதாலோ என்னவோ, யாரும் இதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை.

நம் நாட்டு எண்களையும் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் ஷெட்யூல்டு ஜாதியார் நூற்றுக்கு 16.6, 2019-ல் தண்டனைக் கைதிகளில் அவர்கள் 21.7. பழங்குடிகள் ஜனத்தொகையில் 8.6, தண்டனைக் கைதிகளில் 13.6. தூக்குத் தண்டனைக் கைதிகளை நேரில் கண்டு டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாலில் மூன்று பேர் ஏழைகள். ஏறக்குறைய அதே விகிதத்தில் பிற்பட்ட வகுப்பினரும் சிறுபான்மை மதத்தினரும். இதை ஹாஃப்மன் பார்த்தால் அவருக்கு ஒரு புத்தகம். நாம் பார்த்தால் நமக்கு ஒரு கேள்வி. எண் இரண்டு பேருக்கும் ஒன்றே. இன்னொரு ஆராய்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது லட்சம் கிரிமினல் வழக்குகளை யந்திரத்தில் போட்டு, நீதிபதி தன் மதத்தாருக்குச் சலுகை காட்டுகிறாரா என்று சில பொருளாதாரப் பேராசிரியர்கள் அலசினார்கள். அநேகமாக இல்லை என்று வந்தது. இதைச் சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னால் நடப்பதை எங்கள் கணக்கு பிடிக்காது என்று அவர்களே ஜாக்கிரதையாக எழுதியும் இருக்கிறார்கள். நல்ல படிப்பாளிகளின் லட்சணம். கோர்ட்டுக்கு முன்னால் என்றால் ஸ்டேஷன்.

ஸ்டேஷனில் பிறந்த ஒரு வார்த்தை நம் எல்லோர் வீட்டிலும் புழங்குகிறது. பொல்லாத பையனைச் 'சரியான கேடி' என்கிறோம். கேடு என்பதிலிருந்து வந்த நல்ல தமிழ் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது போலீஸ் பதிவேட்டின் இரண்டு இங்கிலீஷ் எழுத்து: கே. டி. 'தெரிந்த கொள்ளைக்காரன்' என்று அர்த்தம். ராத்திரி ரோந்தில் கே. டி. வீட்டில் இருக்கிறானா என்று கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். சென்னை ராஜதானியில் குற்றப் பரம்பரைச் சட்டம் போன அடுத்த வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பரம்பரை போயிற்று, பதிவேடு போகவில்லை. 'சரித்திரப் பதிவேட்டுக் குற்றவாளி' என்று பேப்பரில் போட்டிருந்தால், என்கவுண்டரில் செத்தவனைப் பற்றி மேற்கொண்டு ஒரு வரி படிக்காமல் நாம் அடுத்த பக்கம் போகிறோம். சாட்சியச் சட்டம் விலக்கி வைத்த அதே சாட்சியத்தைக் காப்பி குடிக்கும்போது நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

இனி என் தகராறு. இந்த ஆராய்ச்சிகளில் பலவற்றில் ஜனங்கள் இரண்டே சாயலில் வருகிறார்கள்: முத்திரை குத்துகிற சர்க்கார், முத்திரை பட்ட ஜாதி. முத்திரை பட்ட ஜாதி ஒன்று பக்கத்துத் தெருவுக்கு என்ன செய்தது, அந்தத் தெருவுக்குப் போலீஸ் யாரோடு வந்தது என்ற கேள்வி வந்தால் ஆசிரியர்கள் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். தெற்கத்திச் சீமையில் இருக்கிற எவனும் அப்படிப் போக முடியாது.

கொடியன்குளம் எங்கள் ஜில்லாவில், ஓட்டப்பிடாரம் தாலுகாவில் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31-ம் தேதி. குற்றப் பரம்பரைச் சட்டம் தேசம் முழுவதும் போன அதே தேதி; நாற்பத்து மூன்று வருஷம் கழித்து. தேவர்களுக்கும் பள்ளர்களுக்கும் நடந்துகொண்டிருந்த மோதலின் நடுவில், குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான போலீசார் அந்தப் பள்ளர் கிராமத்தில் புகுந்தார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் இருந்த ஊர். டெலிவிஷனை உடைத்தார்கள், மின்விசிறியை உடைத்தார்கள், டிராக்டரை உடைத்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் ஊற்றினார்கள் என்று ஊரார் சொன்னார்கள். சர்க்கார் வைத்த விசாரணைக் கமிஷன் போலீஸ் மீது தப்பில்லை என்று முடித்தது. 1999-ல் ஓர் அமெரிக்க மனித உரிமை ஸ்தாபனத்தின் அறிக்கையில் ஊரார் சொன்னது அச்சாகியிருக்கிறது.

தேடி வந்தது ஆளை. உடைத்தது விசிறியை. விசிறி எந்தக் கொலையிலும் எதிரி இல்லை. ஒரு ஊரின் பேர் தெரிந்தால் அந்த ஊர்க்காரன் எல்லோரும் தெரிந்தவன் என்ற அதே மாதிரிக் கணக்கு. அதோடு, இவனுக்கு எதற்கு டெலிவிஷன் என்ற எரிச்சலும் சேர்ந்தால்தான் விசிறி உடையும். முதலாவதைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு விளக்கும். இரண்டாவதை விளக்காது. அதற்கு அந்தத் தாலுகாவின் நிலம், கூலி, பஸ், திருவிழா எல்லாம் தெரிய வேண்டும். 'கர்ணன்' படம் 2021-ல் வந்தபோது பலர் கொடியன்குளத்தை நினைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் ஊருக்குப் பஸ் நிற்காது. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்ததில், படம் எடுத்தவர் பல ஆராய்ச்சியாளர்களை முந்திவிட்டார். இதெல்லாம் ஏதோ சில ஜாதிகளின் சங்கதி என்று கை கழுவ நினைத்த நடுத்தர வர்க்கத்துக்கு 2020 ஜூனில் சாத்தான்குளம் வந்தது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்ததாகச் சொல்லிக் கொண்டுபோன ஒரு வியாபாரியும் அவர் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆள் பார்த்து அடித்துப் பழகிய கை, பழக்கமான பிறகு ஆள் பார்ப்பதில்லை.

கடைசியாக ஜெயில். எங்கள் பக்கத்து மனிதர்கள் தண்டனைக்குப் போவது பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு. அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று ஜாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைக்கிறார்கள் என்று ஒருவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். ஒன்றாக வைத்தால் வெட்டிக்கொள்வார்கள் என்றது சர்க்கார். கோர்ட் ஒப்புக்கொண்டது. இந்தச் சமாதானத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். ஜெயிலுக்குள் வெட்டு நடந்தால் சாகிறவன் கைதி, எழுத்தாளன் இல்லை. ஆனால் வெளியே ஜாதியை மறைத்தாவது வாழ்ந்த ஒருவன் உள்ளே போகும்போது, உன் ஜாதி என்ன என்று சர்க்காரே கேட்டு, அதற்கென்று ஒரு வாசலைக் காட்டி, அந்தக் கூட்டத்தோடு பல வருஷம் வைத்துப் பழக்கி வெளியே அனுப்பினால், அவன் என்னவாக வருவான்? 1871-ல் சட்டம் கற்பனை செய்த மனிதனை இப்போது ஜெயில் உண்டாக்குகிறது.

சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் சிறைகளில் ஜாதியைப் பற்றித் தாமே எழுதி, அதை வைத்து வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சமையல் ஒரு ஜாதிக்கு, கழிப்பிடம் இன்னொரு ஜாதிக்கு என்று பல மாகாணச் சிறை விதிகளில் அதுவரை இருந்தவற்றை ரத்து செய்தது. அலைகிற குலத்தவனை வழக்கமான குற்றவாளியாக நினைத்துக்கொள்ளலாம் என்ற விதிகளையும் ரத்து செய்தது. பாளையங்கோட்டை ஏற்பாட்டைப் பேர் சொல்லி நிராகரித்து, ஒழுங்கைக் காப்பது ஜெயில் நிர்வாகத்தின் வேலை, அதற்காக ஜாதியாகப் பிரிக்காதே என்றது. தனித்தனியாக இருந்தாலும் சமம்தான் என்று அமெரிக்காவில் நிறத்தின் பேரால் சொன்ன வாதத்தோடு இதை ஒப்பிடவும் செய்தது. அந்த வாதத்தை அமெரிக்கக் கோர்ட் ஏற்ற வருஷம் 1896. ஹாஃப்மன் புத்தகம் போட்ட வருஷமும் அதுவே. சிறைப் பதிவேடுகளில் ஜாதிக் கட்டத்தையே நீக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும் என்பது உத்தரவு.

கட்டத்தை அடித்துவிடலாம். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், தெருவைச் சொன்னால் அதற்கு மேல் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம்கூட ஜாதியைச் சொல்கிறது என்று சர்க்கார் கமிட்டி போட்டு, 2024-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அறிக்கை கொடுக்க வேண்டி வந்த சீமை இது. ஆகையால் எனக்குத் தெரிய வேண்டியது, இன்றைக்கு ராத்திரி பாளையங்கோட்டையில் ஒரு புது ஆள் உள்ளே போனால், எந்தப் பகுதி என்பதை வார்டர் எதைக் கேட்டு முடிவு செய்கிறார் என்பது. அதை இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒருவர் வந்து எழுத வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. அதில் குற்றவியலுக்கென்று தனித் துறையும் உண்டு. அங்கிருந்து ஜெயில் டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான்.